விடியற்காலை நாலு மணிக்கு அடித்த போன்

ஃபைடோநெட் என்பது வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று போன் போட்டுத் தபால் கடத்திய ஒரு வலை. அதில் ஒரு நோட் (node) நம்பர், அதாவது என் கம்ப்யூட்டருக்கென்று ஒரு முகவரி எண், வாங்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. பணம் கட்ட வேண்டியதில்லை, யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, விண்ணப்பத்தை அந்த வலையின் வழியாகவே அனுப்ப வேண்டும். நீச்சல் வகுப்பில் சேர வேண்டுமா, ஆற்றை நீந்திக் கடந்து அக்கரையில் மனுக் கொடு என்கிற மாதிரி.

1993 அக்டோபரில் தொடங்கினேன். டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தேன். மேல்தளத்தில் வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், குடும்பத்தோடு. எனக்கும் அவர்களுக்கும் ஒரே போன் லைன்தான், கீழே ஒரு எக்ஸ்டென்ஷன். திருச்சியிலிருந்து போனவனுக்கு அந்த ஊரில் முதலில் ஆச்சரியமாக இருந்தது பனி இல்லை, போன் பில்தான். உள்ளூர் அழைப்புக்கு மாதக் கட்டணம் மட்டும். விடிய விடியப் பேசினாலும் ஒரு காசு அதிகமாகாது. இந்த ஒரு விஷயம் இல்லாவிட்டால் நான் சொல்லப்போகும் எதுவும் நடந்திருக்காது.

பிபிஎஸ், அதாவது புல்லட்டின் போர்டு சிஸ்டம் என்ற அறிவிப்புப் பலகை, பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாரோ ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டர், அதைப் போனில் பேசவைக்கும் மோடம் என்ற கருவி, ஒரு போன் லைன். நம் மோடம் அந்த எண்ணுக்குப் போன் போட்டால் அந்தப் பக்க மோடம் எடுக்கும், திரையில் ஒரு மெனு வரும். அதில் மற்றவர்கள் எழுதிவைத்ததைப் படிக்கலாம், பதில் எழுதலாம், ஃபைல் இறக்கலாம். நாம் உள்ளே இருக்கும்வரை மற்றவர்களுக்கு எங்கேஜ்டு டோன். சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் 1978 பிப்ரவரியில் இப்படி முதல் பலகையைத் தொடங்கினார்கள். பலகையை நடத்துபவருக்கு சிஸ்ஆப் என்று பெயர்.

நான் தினமும் போகும் ஒரு பலகையில் மோடம் பற்றி ஒரு கேள்வி போட்டேன். நாலாவது நாள் பதில் வந்திருந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து. ஒரே லைன் இருக்கும் பலகைக்கு ஆஸ்திரேலியாக்காரன் எப்படி வந்தான்? வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் கொடுத்து எனக்குப் பதில் சொல்ல அவனுக்கு என்ன தலையெழுத்து? சிஸ்ஆபிடம் கேட்டேன். “அவன் வரவில்லை. ராத்திரி என் கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போன் செய்து வாங்கி வந்தது” என்றார்.

சான்பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் ஃபைடோ என்ற பிபிஎஸ் மென்பொருளை எழுதியிருந்தார். 1984இல் அவரும் பால்டிமோரில் இருந்த ஜான் மேடிலும் இராத்திரியில் கட்டணம் மலிவாக இருக்கும் நேரம் பார்த்துத் தங்கள் கம்ப்யூட்டர்களை ஒன்றுக்கொன்று போன் போட வைத்தார்கள். பகலில் ஆட்கள் எழுதியது இராத்திரியில் மூட்டையாகப் போய்ச் சேரும். அதுதான் ஃபைடோநெட். ஒரு வருடத்துக்குள் பட்டியல் சமாளிக்க முடியாதபடி நீண்டுவிட, 1985 ஜூனில் ஊர்வாரியாகப் பிரித்தார்கள். அப்புறம் கண்டத்துக்கு ஒரு மண்டலம் என்று வந்தது. வட அமெரிக்கா 1, ஐரோப்பா 2, ஆசியா 6. மண்டலம், வலை, நோட் என்று மூன்று எண் சேர்ந்தால் முகவரி. நம் பின்கோடு மாதிரிதான், கடைசி எண் மட்டும் ஒருவர் வீட்டு மேஜையில் வந்து முடியும்.

ஒருவருக்கு ஒருவர் எழுதுவது நெட்மெயில். எல்லோரும் படிப்பது எக்கோமெயில், தலைப்புக்கு ஒரு எக்கோ. இந்த எக்கோவை டல்லாஸ்காரர் ஜெஃப் ரஷ் கொண்டுவந்தார், ஃபைடோநெட் பரவியதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கட்சி. அதில் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. நான் எழுதிய செய்தியை என் மெஷின் ஹப்புக்கு, அதாவது பல நோட்டுகளுக்குத் தபால் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் நோட்டுக்கு, கொடுக்கும். ஹப் ஒரு பிரதி வைத்துக்கொண்டு தன்னிடம் அந்த எக்கோவை வாங்கும் எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி போடும், மேலே ஒன்று அனுப்பும். அவர்களும் அப்படியே. யார் யார் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்ற குறிப்பு செய்தியின் வாலிலேயே சீன்-பை என்ற வரிகளில் போகும். அந்தப் பட்டியலில் இருப்பவருக்குத் திரும்ப அனுப்பாதே என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவர் நோட்டில் டிக் போட்டுக்கொள்வாரே, அதே வேலை. வெளியூர் அழைப்புச் செலவு ஹப் நடத்துபவருக்கு. நாங்கள் மாதாமாதம் ஆளுக்குச் சில டாலர் பங்கு கொடுப்போம்.

எனக்கு இதில் வெறும் வாசகனாக இருந்தால் போதவில்லை. நானே ஒரு நோட் ஆக வேண்டும்.

கையில் இருந்தது ஒரு 386, நாலு எம்பி ரேம், டாஸ் (DOS) 5 இயங்குதளம். ஃபைடோநெட்டுக்கு நாலு சாமான் வேண்டும். மோடம் இணையும் சீரியல் போர்ட்டைக் கவனிக்க ஃபாஸில் டிரைவர், போனை எடுக்கவும் போடவும் மெயிலர், வந்த மூட்டையைப் பிரித்து அந்தந்த எக்கோவில் போட டாஸர் (tosser), மனிதர்களுக்குக் காட்ட பிபிஎஸ். நான் எக்ஸ்00, ஃபிரன்ட்டோர், ஃபாஸ்ட்எக்கோ, ரிமோட்ஆக்சஸ் என்று எடுத்தேன். ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆள் எழுதியிருப்பார். நாலையும் சேர்த்துக் கட்டும் கயிறு, கட்டளைகளை வரிசையாக நாம் எழுதிவைக்கும் பேட்ச் ஃபைல்.

அந்தக் கயிற்றில்தான் நான் மூன்று வாரம் தொங்கினேன். மெயிலர் ஒரு வேலையை முடித்தால் ஒரு எண்ணை விட்டுவிட்டு வெளியே வரும். மனிதன் அழைத்தால் ஒரு எண், மூட்டை வந்தால் இன்னொரு எண். அந்த எண்ணைப் பார்த்து பேட்ச் ஃபைல் அடுத்த புரோகிராமை ஓட்ட வேண்டும். நான் ஒழுங்காக 10, 20, 30 என்று ஏறுவரிசையில் சோதனை எழுதியிருந்தேன். என்ன வந்தாலும் 10க்கான வேலையே நடந்தது. மூட்டை வந்தாலும் பிபிஎஸ் எழுந்து நின்று, இல்லாத விருந்தாளியிடம் “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்தது. டாஸில் இஃப் எரர்லெவல் 10 என்றால் ‘10 அல்லது அதற்கு மேல்’ என்று பொருளாம். பெரிய எண்ணிலிருந்து இறங்கி வர வேண்டும். இதைச் சொல்லித்தந்தவர் அந்த சிஸ்ஆப்தான். “எல்லோரும் ஒரு தடவை இதில் விழுவார்கள்” என்றார். எனக்கு ஆறுதலாக இல்லை.

அடுத்தது மோடம். 14,400 வேக மோடம் வாங்கிப் போட்டால் மூட்டைகள் பாதியில் உடைந்தன. மோடம் நல்ல மோடம். பழுது கம்ப்யூட்டரின் சீரியல் சிப்பில். பழைய வகை சிப் ஒரு நேரத்தில் ஒரு எழுத்தைத்தான் பிடித்துவைக்கும், கம்ப்யூட்டர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் அடுத்த எழுத்து அதன்மேல் விழுந்துவிடும். 16550 என்ற சிப் 16 எழுத்து பிடிக்கும். அந்தச் சிப் உள்ள கார்டு வாங்கி மாற்றிய அன்று மூட்டை முழுசாக வந்தது.

அதுவரை நான் பாயின்ட். அதாவது சிஸ்ஆபின் முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஓர் எண், ஒட்டுக்குடித்தனம். டிசம்பர் கடைசியில், சரி, நோட்டுக்கே விண்ணப்பித்துவிடுவோம் என்று விதிப்புத்தகத்தைப் படித்தேன். பாலிசி 4, 1989இல் எழுதியது. ஒழுக்க விதி மொத்தம் இரண்டுதான். பிறரை அளவுமீறி எரிச்சல்படுத்தாதே, நீயும் தொட்டதற்கெல்லாம் எரிச்சல்படாதே. விண்ணப்பத்தில் பெயர், பேசும் எண், பலகையின் பெயர், ஊர், மோடம் எண், இயங்கும் நேரம், வேகம், மெயிலர் என்ன, மோடம் என்ன எல்லாம் எழுதி ஊர் ஒருங்கிணைப்பாளருக்கு நெட்மெயிலில் அனுப்ப வேண்டும். அவர் முகவரி எந்த ஊரிலும் ஒன்றுதான், வலை எண், கோடு, பூச்சியம். நம் சிஸ்டம் ஓடுகிறதா என்று பார்க்க அவர் பதிலை நேராக நம் மெஷினுக்கே அனுப்புவார்.

எப்போது அனுப்புவார் என்பதில்தான் வந்தது வம்பு. மண்டலத்துக்கு ஒரு மணி நேரம் ‘மெயில் ஹவர்’ உண்டு. அந்த நேரத்தில் எல்லா நோட்டும் மனிதர்களை வெளியே விட்டுவிட்டுத் தபாலுக்காகவே லைனைத் திறந்து வைக்க வேண்டும். இது மட்டும்தான் கட்டாயம், மற்ற 23 மணி நேரமும் உன் இஷ்டம். எங்கள் மண்டலத்துக்கு அது கிரீன்விச் நேரம் 9 முதல் 10. டொராண்டோவில் குளிர்காலத்தில் விடியற்காலை நாலு முதல் ஐந்து.

முதல் நாள் காத்திருந்தேன். சரியாக 4.10க்கு மேலே மணி அடித்தது. என் மோடம் எடுப்பதற்குள் வீட்டுக்கார அண்ணன் எடுத்துவிட்டார். “ஹலோ… ஹலோ…” அந்தப் பக்கம் ஒருங்கிணைப்பாளரின் மோடம். அழைக்கிற மோடம் மறுமுனை கத்தும்வரை பேசாமல் இருக்கும். வைத்துவிட்டார். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, விடியக்காலமை ஆரோ டெலிபோன் எடுத்துப்போட்டுக் கதைக்காமல் வைக்கினம். உமக்குத் தெரிஞ்ச ஆக்களோ?”

தெரிந்த ஆட்கள்தான் என்று எப்படிச் சொல்வது? கம்ப்யூட்டர் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், வாடகை ஒழுங்காகத் தருகிறான், போகட்டும் என்பது தெரிந்தது. “அப்ப உமக்கெண்டு ஒரு லைனை எடும்” என்றார். ஜனவரியில் எனக்கென்று தனி லைன் இழுத்தேன். பகலில் பேசும் எண், நள்ளிரவு முதல் ஆறு மணிவரை மோடம். புது எண்ணோடு திரும்ப விண்ணப்பித்தேன். பதில் மூன்றாம் நாள் 4.22க்கு வந்து இறங்கியது. நோட்லிஸ்ட் வெள்ளிக்கிழமைதோறும் வரும். உலகத்தில் உள்ள நோட்டெல்லாம் ஒரே ஃபைலில், போன் எண்ணோடு. பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை அதில் என் ஊர், என் பலகை, என் எண். அந்த வரியை எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

புது எண்ணை அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதியிருந்தேன். மோடம் நேரத்தை எழுதவில்லை. மகன் காலையில் எழுந்திருப்பான் என்று தானாக ஒரு கணக்குப் போட்டு, மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போய் ஐஎஸ்டி போட்டிருக்கிறார். இந்தியாவில் மதியம் இரண்டரை என்றால் டொராண்டோவில் நாலு மணி. என் மோடம் முதல் மணியிலேயே எடுத்து அம்மாவின் காதில் கத்தியது. மீட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. அம்மா வைக்காமல் “டேய், என்னடா சத்தம், நான்தாண்டா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பூத்காரர் வயர் பழுது என்றாராம். காசு மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார். அடுத்த கடிதத்தில் இரண்டு பக்கம் திட்டு.

பெரிய தப்பு நான் செய்தது ஏப்ரலில். ஒரு எக்கோ எங்கள் ஹப் வழியாகத் தாமதமாக வருகிறது என்று அதையே இன்னொரு ஹப்பிடமும் கேட்டு வாங்கினேன். வாங்குவதோடு நின்றதா? இவரிடம் வந்ததை என் டாஸர் அவருக்கும், அவரிடம் வந்ததை இவருக்கும் விசுவாசமாக அனுப்பியது. ஒரே செய்தி இரண்டு வழியாக எல்லோருக்கும் போனது. டாஸரில் இரட்டையைப் பிடிக்கும் வசதியை வேகம் குறைகிறது என்று நானே அணைத்து வைத்திருந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளில் அந்த எக்கோ முழுக்கப் பழைய செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொரு செய்தியும் எந்த நோட் வழியாக வந்தது என்ற பாத் வரி அடியில் இருக்கும். மறைக்கவே முடியாது, எல்லாவற்றிலும் என் எண். திங்கட்கிழமை எக்கோ மாடரேட்டரிடமிருந்து மூன்று வரி நெட்மெயில். இணைப்பை வெட்டு, டாஸரைச் சரிபார், செய்ததும் சொல். திட்டவில்லை. இரண்டாவது விதி அவருக்கு நினைவிருந்தது போலும். எத்தனை பேர் வெளியூர் கட்டணம் கொடுத்து என் குப்பையை இறக்கியிருப்பார்கள் என்று நினைத்தபோதுதான் வெட்கமாக இருந்தது. எல்லாம் யாரோ ஒருவர் வீட்டு போன் பில்.

தமிழில் எழுத முடிந்ததா என்று கேட்பார்கள். முடியாது, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவோம். ரஷ்யர்கள் தங்கள் எழுத்திலேயே எழுதினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. ரஷ்யப் பெரிய எழுத்து ஒன்றின் எண்ணும் ஃபைடோ மென்பொருள்கள் கண்டால் விழுங்கிவிடும் ஒரு குறியின் எண்ணும் ஒன்று. அதனால் அந்த ஓர் எழுத்துக்கு மட்டும், அதே உருவத்தில் இருக்கும் ஆங்கில ஹெச்சைப் போட்டு ஒப்பேற்றினார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நோட்லிஸ்ட் முப்பதாயிரம் நோட்டைத் தாண்டியது. அதே வேகத்தில் என் பலகைக்கு வருகிறவர்கள் இணையம் பக்கம் போனார்கள். 1997 ஜனவரியில் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிவிட்டு மெயிலரை நிறுத்தினேன். ஆனால் பட்டியலைப் புதுப்பிக்காத யாரோ ஒருவரின் மெஷின் இன்னும் நாலு மணிக்கு அழைத்துக்கொண்டிருந்தது. எடுப்பேன், அந்தப் பக்கம் மௌனம், வைத்துவிடுவேன். இரண்டு வாரம் இப்படி.

ஒருநாள் அதேபோல மணி. தூக்கத்தில் எடுத்து, மௌனத்தைக் கேட்டு, வைத்துவிட்டேன். உடனே மறுபடி அடித்தது. இந்தத் தடவை கொஞ்சம் பொறுத்தேன். இரண்டு நொடி கழித்துக் குரல் வந்தது.

“ஏண்டா வச்சுட்ட? அந்தப் பிசாசு இன்னும் வீட்லதான் இருக்கா?”