செக்ரோலில் பேர் கிடையாது

ஜூன் 12, 2025, வியாழன். புக்கிட் மெர்தாஜாம், மலேசியா

இன்று குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். ஐ.நா.வின் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் பிள்ளைகள் நிதியமான யுனிசெஃபும் புதுக் கணக்கு வெளியிட்டிருக்கின்றன. 2024-இல் 13 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் வேலையில் இருந்திருக்கிறார்கள். ஏறக்குறைய 5 கோடியே 40 லட்சம் பேர் செய்வது ஆபத்தான வேலை. 2020-இல் மொத்தம் 16 கோடி. குறைந்ததில் சந்தோஷம்தான். ஆனால் 2025-க்குள் அடியோடு ஒழித்துவிடுவோம் என்று எல்லா நாடுகளும் சேர்ந்து கொடுத்த வாக்கு போச்சு.

ஆபீஸில் பேச்சு வந்தபோது எல்லாரும் தொழிற்சாலை, சுரங்கம் என்றார்கள். ஆனால் வேலை செய்கிற பிள்ளைகளில் பத்தில் ஆறு பேர் இருப்பது வயலிலும் தோட்டத்திலும். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் நாம், நமக்கே அது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

ஜூன் 14, சனி

காலையில் அகதிப் பிள்ளைகளுக்கு வகுப்பு. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை. மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்யா பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் படிக்க முடியாது, அதனால்தான் கடைவீட்டு மாடியில் இந்தப் பாடம். பின்னக் கணக்கில் கெட்டிக்காரப் பையன் ஒருவன், 12 வயது, கொஞ்ச நாளாக வரவில்லை. பாசாரில் மீன்கடையில் நிற்கிறான் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். வகுப்பு முடிந்ததும் நேரே அங்கே போனேன்.

ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. கட்டைவிரலுக்குக் கீழே முள் கிழித்த காயம். அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கிழித்துச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தான். முழங்கை வரை செதில். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். விடிகாலை 4 மணிக்கு வருகிறானாம், நாளுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்).

"பாவம் பாத்துதான் வேல குடுத்தேன்" என்றார் தவுக்கே, கடை முதலாளி. முன்பு அதே வேலைக்கு இருந்த ஆளுக்கு 70 வெள்ளி கொடுத்ததையும் அவரே சொன்னார். பாவம் பார்க்கிறவர் இவனுக்கும் 70 கொடுத்திருக்கலாமே. பெரியவர் கேட்கிற கூலியைப் பிள்ளை கேட்காது. இந்த வேலை இவனுக்குக் கிடைத்தது அதனால்தான்.

பையனின் அப்பா புல் வெட்டுகிறவர். மெஷின் பிளேடு காலில் பாய்ந்து வீட்டில் கிடக்கிறார். வேலை செய்யவே அனுமதி இல்லாதவர் நஷ்டஈடு கேட்டு எங்கே போவார்?

ஜூன் 15, ஞாயிறு

தொழிலாளர் இலாகாவுக்கு எழுதிப் போடு என்கிறாள் தோழி. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, குடும்பத் தொழிலில் இலகுவான வேலை மாதிரி சில விலக்கு போக 15 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கக்கூடாது. சட்டம் சரியான சட்டம், அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் புகார் போனால் தவுக்கே அபராதத்தோடு தப்பிப்பார். பையன் வீட்டில் அடுப்பு எரியாது. போலீஸ், இமிகிரேஷன் என்று வந்தால் அப்பாவும் உள்ளே போவார்.

மத்தியானம் மாமா வந்திருந்தார். "நாங்கல்லாம் வேல செஞ்சுதான் வளந்தோம், கெட்டா போயிட்டோம்?" என்றார். பள்ளி விட்டு வந்து கடையில் அரை மணி நேரம் பொட்டலம் கட்டுகிற பிள்ளையைப் பற்றி எனக்கும் கவலை இல்லை. பள்ளியையே விடுகிற பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு. நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர் அம்மா. இருட்டோடு பாட்டியுடன் பால்மரக்காட்டுக்கு, அதாவது ரப்பர் மரக்காட்டுக்குப் போவாராம். பால் வடிய பாட்டி மரத்தில் கோடு போடும் முன்னால், முதல் நாள் காய்ந்த பாலை வெட்டுக்கோட்டிலிருந்து உரித்து, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து, ஒட்டுப்பாலைச் சாக்கில் போடுவது அம்மாவின் வேலை. அந்த நாற்றம் கையை விட்டுப் போகாமல் அப்படியே பள்ளிக்குப் போய்த் தூங்கி விழுவாராம். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. "என்னை யாரும் வேலைக்கு வெக்கல. செக்ரோல்ல (தோட்டத்து ஆள்கணக்குப் பதிவேட்டில்) எம்பேரே கெடையாது. ஆனா நான் போகலேன்னா எங்கம்மா நெரைய (தன் பங்கு மரவரிசையை) முடிக்க முடியாது, அரைநாள் கூலிதான்." மாமா அதற்கப்புறம் பேசவில்லை.

10 பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொல்லி 1923-லேயே மலாயாவில் சட்டம் வந்துவிட்டது. பள்ளி இருந்தது. பிள்ளையின் கையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட கூலியும் இருந்தது. இன்று கிழக்கு மலேசியாவின் சபாவில் செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிற பிள்ளைகளும் அப்பா அம்மாவின் அளவை எட்ட வைக்கத்தான் குனிகிறார்கள். பெரியவருக்குக் கொடுக்காமல் விட்ட கூலியைப் பிள்ளை ஈடுகட்டுகிறது. இந்த விஷயத்தில் நான் முதலில் கேட்பது அப்பா அம்மாவின் சம்பளத்தைப் பற்றித்தான்.

ஜூன் 18, புதன்

தோழிக்கு வங்காளதேசத்துக் கதையை எழுதி அனுப்பினேன். பிள்ளைகள் செய்த பொருளை இறக்குமதி செய்யக்கூடாது என்று 1992-இல் அமெரிக்க செனட்டர் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவே இல்லை. ஆனால் பயத்திலேயே டாக்கா தையல் தொழிற்சாலைகள் சுமார் 50,000 பிள்ளைகளை வெளியே அனுப்பின. பலர் பள்ளிக்குப் போகவில்லை, கல் உடைக்கவும் தெருவில் விற்கவும் போனார்கள். சில பெண் பிள்ளைகள் விபச்சாரத்தில் தள்ளப்பட்டார்கள். 1995-இல் முதலாளிகள் சங்கமும் ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃபும் ஒப்பந்தம் போட்டு, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து மாதம் 300 டாக்கா (அந்நாட்டுப் பணம்) கொடுத்த பிறகுதான் ஒரு வழி பிறந்தது.

பொலிவியா 2014-இல் 10 வயதிலேயே வேலைக்கு வழிவிட்டு, பிறகு அதைக் கைவிட்டது. அந்தப் பக்கம் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. காமராஜர் 1956-இல் பள்ளியிலேயே சோறு போட்டாரே, அதுதான் எனக்குப் பிடித்த வழி.

ஜூன் 21, சனி

பையனின் அப்பாவைப் போய்ப் பார்த்தோம். காயம் ஆறி வருகிறது. பையன் கொண்டுவருவது மாதம் 500 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அவர் எழுந்து நடமாடும் வரை அதைக் கொடுப்பதாகச் சொன்னோம். சும்மா வாங்க மாட்டேன் என்றார். குணமானதும் வகுப்பு மாடியைக் கூட்டிப் பூட்டும் வேலையை எடுத்துக்கொள்கிறாராம். சரி என்றோம். திங்கட்கிழமையிலிருந்து பையன் வருகிறான்.

பேசிக்கொண்டிருந்தபோது தேநீர் கொண்டுவந்தது அவன் அக்கா, 14 வயது. இடுப்பில் ஒரு தம்பி, காலடியில் இன்னொருவன். அவர்கள் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார், அதனால் சமையலும் துணியும் பிள்ளைகளும் இவள் பொறுப்பு. இவள் ஒருநாளும் வகுப்புக்கு வந்ததில்லை, வா என்று நாங்களும் கேட்டதில்லை. வாரத்தில் 21 மணி நேரமோ அதற்கு மேலோ செய்கிற வீட்டுவேலையையும் சேர்த்தால் வேலை செய்வதில் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளே அதிகம் என்று அந்த ஐ.எல்.ஓ.-யுனிசெஃப் அறிக்கையிலேயே இருக்கிறது.

சின்னவர்களைக் காலையில் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் (மலாயில் அத்தை) கேட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை சொல்கிறேன் என்றார்.