பழைய எம்42 லென்ஸை மிரர்லெஸ்ஸில் மாட்டும் முன்

எம்42 என்பது பழைய ஃபிலிம் கேமராக்களின் திருகு மவுண்ட், அதாவது லென்ஸ் பொருந்தும் வாய். அந்த லென்ஸுக்கு மவுண்டிலிருந்து சென்சார் வரை 45.46 மி.மீ. வேண்டும். சோனி மிரர்லெஸ் கேமராக்களின் இ மவுண்டில் இருப்பது 18. மீதி 27.46-ஐ நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை. உள்ளே கண்ணாடி தேவையில்லை. அடாப்டர் கொஞ்சம் தடித்தாலும் தூரத்து மலை கூர்மையாகவே விழாது. மெலிந்தால் லென்ஸின் இன்ஃபினிட்டி (மிகத் தொலைவு) குறிக்கு முன்பே மலை ஃபோகஸ் ஆகிவிடும், அது பரவாயில்லை. நிக்கான் எஃப் டிஎஸ்எல்ஆரில் கதை வேறு: அங்கே 46.5, எம்42-க்கு வேண்டியதைவிட அதிகம். திருத்தும் கண்ணாடி இல்லாமல் இன்ஃபினிட்டி கிடையாது.

ஷட்டர் அமுங்கவில்லையா? மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ரிலீஸ்' ஆன் செய்யுங்கள். கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் பாடி ஸ்டெபிலைசேஷனுக்கு ஃபோகல் லெங்த்தைக் கையால் கொடுக்க வேண்டும். 58 மி.மீ. ஹீலியோஸ் என்றால் 58தான். கிராப் (சிறிய) சென்சார் என்று 1.5-ஆல் பெருக்கி 87 போடாதீர்கள்!

அப்பர்ச்சர் வளையத்தைத் திருகியும் இதழ்கள் அசையவில்லை என்றால், லென்ஸின் பின்பக்கம் நீட்டியிருக்கும் சின்ன முளையை (பின்) பாருங்கள். அதை அழுத்திப் பிடிக்கும் விளிம்புள்ள அடாப்டர் வேண்டும்.