கரண்ட் போனா நின்னுடுற ஆட்டோமேட்டிக் வாட்ச்

பேட்டரி வேணாம், சாவி கொடுக்க வேணாம், கையில கட்டிட்டு நடந்தாலே ஓடும், அதுக்குத்தானே ஆட்டோமேட்டிக்னு பேரு. அத ஒரு பொட்டிக்குள்ள வச்சு கரண்ட்ல சுத்த விட்டு, கரண்ட் போனதும் ஐயோ வாட்ச் நின்னுபோச்சேன்னு தலையில கை வச்சு உக்காந்த ஆளு யாங்கோன்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

எங்கிட்ட இருக்குறது மூணே மூணு. அப்பாவோட பழைய சீக்கோ 5, நான் வேலைக்குச் சேந்தப்ப வாங்குன இன்னொரு சீக்கோ 5, அப்புறம் மச்சான் சிங்கப்பூர்லேந்து கொண்டாந்து குடுத்த டிஸ்ஸாட். ஆனா குடோன் வேலைக்கு கட்டிட்டுப் போறது என்னவோ ஒரு ரப்பர் பட்டை கேஸியோதான், அதனால இந்த மூணும் பீரோவுல தூங்கும். எப்ப எடுத்தாலும் நின்னுருக்கும். நேரம் வை, தேதி வை, கிழமை வை. இந்த ரோதனை வேணாம்னுதான் ஆன்லைன்ல ஒரு வைண்டர் வாங்குனேன், அதான் வாட்ச்ச சுத்திச் சுத்தி முறுக்கேத்துற கரண்ட் பொட்டி, ரெண்டு வாட்ச் வைக்கிற மாதிரி, கண்ணாடி மூடி, உள்ள நீல லைட்டு வேற. சும்மா சொல்லக்கூடாது, பாக்க ஜோராதான் இருந்துச்சு.

பிரச்சனை எங்கன்னா, அப்ப நம்ம ஊர்ல கரண்ட் நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும், அதுவும் அவங்க இஷ்டத்துக்கு. என் வைண்டர் ஒரு தடவ நின்னா கரண்ட் வந்தாலும் தானா ஓடாது, பட்டன அமுக்கணும். தெருவுல பசங்க "மீ லாபி"ன்னு (கரண்ட் வந்துடுச்சுன்னு) கத்துனதும் ஊரே தண்ணி மோட்டார் போட ஓடும், நான் வைண்டர் பட்டன அமுக்க ஓடுவேன், வீட்டம்மா பாத்த பார்வை இருக்கே, அத இங்க எழுத முடியாது.

இதுல ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு கரண்ட் வந்துச்சு, தூக்கக் கலக்கத்துல நின்னு கிடந்த என் சீக்கோவ எடுத்து முள்ள 11க்கு வச்சு அப்படியே தேதிய சடக்கு சடக்குன்னு திருப்பிட்டேன். ராத்திரி 9 மணிலேந்து விடியக்காலம் 4 மணி வரைக்கும் தேதி மாத்துற பல்லு ஏற்கனவே சக்கரத்த கவ்விக்கிட்டு நிக்கும், அந்த நேரத்துல நம்ம திருகுனா பல்லு போயிடும். எனக்கும் போச்சு. முதல்ல முள்ள காலைல 6 மணிக்கு கொண்டு வந்துட்டு, முந்தின நாள் தேதிய வச்சு, அப்புறம் முன்னாடி சுத்திட்டு வரணும். தெரிஞ்சுருந்தும் செஞ்சேன், அதான் வயித்தெரிச்சல்.

ரிப்பேருக்கு எடுத்துட்டு போனேன். அனோராத்தா ரோட்டுக்கிட்ட ஒரு சந்துல உக்காந்துருக்குற பர்மாக்கார பெரியவர், நாங்க சயான்னுதான் (வாத்தியாருன்னு) கூப்புடுவோம். கதையக் கேட்டு சிரி சிரின்னு சிரிச்சாரு. அப்புறம் சொன்னாரு, நின்ன வாட்ச்சு தேயாது, ஓடுற வாட்ச்சுதான் தேயும்னு. அந்தக் காலத்து எண்ணெய் கெட்டியாகி பிசின் மாதிரி ஆயிடும், அதுக்குத்தான் அப்பப்ப ஓட்டணும்னு பெரியவங்க சொன்னது, இப்ப போடுறது சிந்தெடிக் எண்ணெய், அதுக்கு அந்தக் கவலை கம்மி. வைண்டர் நாள் முழுக்க சுத்துனா ஸ்பிரிங் அறுந்துடுமோன்னு கேட்டேன். அறாதாம், ஆட்டோமேட்டிக்ல மெயின் ஸ்பிரிங்கோட வெளி நுனிய பூட்டி வைக்க மாட்டாங்க, முறுக்கு ஏறுனதும் ஸ்பிரிங் சுருண்டு கிடக்குற டப்பாவோட சுவத்துல வழுக்கிடும். ஆனா அந்த வழுக்கலும் தேய்மானம்தான், ரோட்டரு (உள்ள ஆடி ஆடி முறுக்கேத்துற தகடு), சக்கரமெல்லாம் சும்மா சும்மா வேலை செய்யுது. வைண்டர்னு வச்சா ஒரு நாளைக்கு 650லேந்து 800 சுத்து போதும், பெரும்பாலான வாட்ச்சுக்கு அதுவே சாஸ்தி, நடுவுல ஓய்வு விட்டு ஓய்வு விட்டு சுத்துறதா இருக்கணும். எந்தப் பக்கம் சுத்தணும்கிறதும் மெஷினுக்கு மெஷின் மாறும், சீக்கோ ரெண்டு பக்கமும் ஏறும், மியோட்டா கம்பெனியோட 8215 மெஷின் ஒரே பக்கம்தான்.

என் கணக்குல வைண்டர் யாருக்கு வேணும்னா, லீப் வருசம் வரைக்கும் தேதி தானா மாறுற பெர்பெச்சுவல் காலண்டர் வாட்ச் வச்சிருக்குறவங்களுக்கு. அது நின்னா திரும்ப வைக்க அரை நாள் போயிடும். அந்த மாதிரி வாட்ச் வாங்க காசு இருந்தா நான் முதல்ல ஜெனரேட்டர் வாங்கிருவேன். முழுசா முறுக்கேறுன வாட்ச்ச கழட்டி வச்சா சீக்கோ 40 மணி நேரம் ஓடும், டிஸ்ஸாட் பவர்மேட்டிக் 80ங்கிற மெஷின்கிறதால 80 மணி நேரம் ஓடும், அதுக்கப்புறம் நிக்கட்டுமே, என்ன இப்போ.

நம்ம ஊருக்கு நிஜமான எமன் ஈரம்தான். மே மாசம் ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் மழை, தோல் பட்டையில பூஞ்சாணம் பூத்துடும், பின் மூடியில இருக்குற ரப்பர் வளையம் காஞ்சு வெடிச்சிருந்தா உள்ள ஆவி ஏறி கண்ணாடில பனி கட்டும். இப்ப மூணையும் பிஸ்கட் டின்ல சிலிக்கா ஜெல்லோட போட்டு வச்சிருக்கேன், ஜெல்ல மாசம் ஒருக்கா மாத்துறேன். தோல் பட்டைய கழட்டி தனியா வச்சாச்சு. ஸ்பீக்கர்கிட்ட மட்டும் வைக்காதீங்க, காந்தம் ஏறுனா ஒரு நாளைக்கு பல நிமிசம் வேகமா ஓடும், போன்ல இருக்குற திசைகாட்டி பக்கத்துல கொண்டு போனா முள்ளு ஆடும், அதுலயே கண்டுபுடிச்சிரலாம்.

ஞாயித்துக்கிழமை மாத்தி மாத்தி ஒண்ணு கட்டிக்கிறேன். அப்பாவோட சீக்கோவுக்கு சாவி கொடுக்குற வசதியே கிடையாது, அதான் திருகு 4 மணி பக்கம் ஒளிஞ்சு கிடக்கு, இப்படி அப்படி ஒரு முப்பது தடவ மெதுவா ஆட்டுனா முள்ளு நகர ஆரம்பிக்கும்.

போன சித்திரை ஒண்ணுக்கு காளி கோவிலுக்கு அதத்தான் கட்டிட்டு போகணும்னு ஆசை. 1871ல கட்டுன கோவில், அப்பா வருசா வருசம் போன கோவில். ஆனா அன்னைக்குத்தான் தெரு முழுக்க தஜான், பர்மாக்காரங்களோட புது வருசத் தண்ணித் திருவிழா, வாளி வாளியா தண்ணி ஊத்துறாங்க, அப்பா வாட்ச்ச வாட்டர்ப்ரூஃப்னு நம்புற அளவுக்கு எனக்கு தைரியம் இல்ல. கடைசில எல்லாரும் செல்போன போட்டு கழுத்துல மாட்டிக்குவாங்களே பிளாஸ்டிக் பை, அதுக்குள்ள வாட்ச்ச போட்டு தொங்க விட்டுட்டு நடந்தே போனேன். தலையோட கால் நனைஞ்சு வீட்டுக்கு வந்து பைய பிரிச்சா, கிளம்புறப்ப ஆட்டாம போட்ட வாட்ச்சு, நெஞ்சுல ஆடி ஆடியே ஏறி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நேரம்தான் தப்பு.