பென்சிலில் எழுதிய பெயர்: பிராக் நாட்குறிப்பு

ஜனவரி 23, 2025, வியாழன்

பின்காஸ் யூதத் தொழுகைக்கூடத்தின் சுவர்கள் முழுக்கப் பெயர்கள். செக் நாட்டின் பகுதிகளான போஹேமியாவிலும் மொராவியாவிலும் வாழ்ந்து, நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 யூதர்களின் பெயர்களை, பிறந்த நாளோடு சேர்த்து, கையாலேயே எழுதியிருக்கிறார்கள். 1950களில் எழுதியவை அழிந்துபோனதால் 1990களில் அத்தனையையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

மாடியில் தெரேசின் முகாமில் அடைக்கப்பட்ட பிள்ளைகளின் ஓவியங்கள். பழைய அலுவலகப் படிவத்தைக் கிழித்து ஒட்டிச் செய்த ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றேன். வீட்டுச் சுவராக ஒட்டிய துண்டில் அச்சிட்ட கட்டங்கள் அப்படியே தெரிகின்றன. கீழே பென்சிலில் ஒரு சிறுமியின் பெயர். குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

பிராக்கிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் தெரேசின். 18ஆம் நூற்றாண்டுக் கோட்டை நகரம். 1941 நவம்பர் முதல் 1945 மே வரை சுமார் 1,40,000 யூதர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஏறக்குறைய 33,000 பேர் பசியிலும் நோயிலும் இங்கேயே இறந்தார்கள். பெரும்பாலான மற்றவர்களை ஆஷ்விட்ஸ் கொலை முகாம் போன்ற இடங்களுக்கு ரயிலேற்றினார்கள்.

இன்றைய அருங்காட்சியகம் அன்று சிறுவர் விடுதி. அங்கிருந்த பையன்கள் ‘வெடெம்’ என்ற கையெழுத்துப் பத்திரிகையை நடத்தி, வெள்ளிக்கிழமை மாலைகளில் உரக்க வாசித்தார்கள். அதன் ஆசிரியர் பெட்ர் கின்ஸ் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டபோது அவருக்கு 16 வயது.

ஜனவரி 25, சனி

இன்று முழுவதும் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸின் நினைவாகவே இருந்தேன். 1898இல் வியன்னாவில் பிறந்து, பௌஹவுஸ் என்ற ஜெர்மன் கலைப் பள்ளியில் பயின்ற ஓவியர். 1942 டிசம்பரில் தெரேசினுக்கு அனுப்பப்பட்டபோது, எடுத்துச்செல்ல அனுமதித்த சொற்ப மூட்டையில் வரைபொருள்களை அடைத்துக்கொண்டு போனார். நெரிசலான விடுதி அறைகளில், கிடைத்த தாளில் எல்லாம், பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். அந்த வகுப்புகளை வெறும் ஆறுதல் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கோடு, தாளம், வண்ணம், இடைவெளி என்று தாம் கற்ற அனைத்தையும், எந்தக் குறைப்பும் இல்லாமல், பசித்த பிள்ளைகளுக்கு அவர் கற்பித்தார். படத்தில் பெயரெழுதச் சொன்னவரும் அவரே. ரயில் பட்டியலில் எண்ணாக இருந்த பிள்ளை, தாளில் பெயராக இருந்தது.

கணவர் பாவெலை 1944 செப்டம்பரில் அனுப்பிவிட்டார்கள். அவரைத் தொடர்ந்து செல்லத் தாமே முன்வந்த ஃப்ரீடல், அக்டோபர் 6 அன்று ரயிலேறி, 9ஆம் தேதி ஆஷ்விட்ஸின் பகுதியான பிர்கெனாவில் கொல்லப்பட்டார். பாவெல் பிழைத்தார். இரண்டு பெட்டிகளில் இருந்த சுமார் 4,500 ஓவியங்களும் பிழைத்தன. போருக்குப் பின், முகாமில் சிறுமியர் விடுதியைப் பார்த்துக்கொண்ட வில்லி க்ரோக் அவற்றைப் பிராக்கில் சேர்ப்பித்தார். வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

ஜனவரி 27, திங்கள்

ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்டு இன்றோடு 80 ஆண்டுகள். ஹெல்கா வைஸ்ஸோவாவின் சாட்சியத்தை மீண்டும் படித்தேன். 12 வயதில் தெரேசினுக்கு வந்தவர் முதலில் பனிப்பொம்மை ஒன்றை வரைந்து, ஆண்கள் முகாமிலிருந்த அப்பாவுக்கு மறைவாகக் கொடுத்தனுப்பினார். “நீ பார்ப்பதை வரை” என்று அப்பா பதில் அனுப்பினார். அதன்பின் ரொட்டி வரிசைகளையும் மூன்றடுக்குக் கட்டில்களையும் வரைந்தார். ஆஷ்விட்ஸுக்குப் போகுமுன் அவற்றை மாமாவிடம் கொடுக்க, அவர் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார். ஹெல்கா உயிரோடு வந்து எடுத்துக்கொண்டார். அப்பா வரவில்லை.

மாலையில் மறுபடி பின்காஸுக்குப் போனேன். கழுத்து வலிக்கத் தேடி, அந்தச் சிறுமியின் பெயரைக் கண்டுபிடித்தேன். அவள் அம்மாவின் பெயருக்கு அடுத்து இருந்தது. சுவரெழுத்து ஒரே சீராக, நேர்வரிசையில் இருக்கிறது. மாடிக்குப் போய்ப் படத்தையும் பார்த்தேன். அங்கே, தாளின் ஓரத்தில் இடம் போதாமல், கடைசி இரண்டு எழுத்துகளைச் சற்று மேலேற்றி எழுதியிருக்கிறாள்.