பாலத்தடி எண்

பாலத்துத் தூணில் வரைந்த அளவுகோலில் இன்று காலை 3 என்ற எண் பாதிதான் தெரிந்தது. மீதியை ஆறு விழுங்கியிருந்தது.

மேலே கைப்பிடிச் சுவரில் ஒரு சின்ன டப்பா. தண்ணீரை நோக்கி ரேடார் அலையை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து நீர்மட்டத்தைக் கணக்கிடுகிறது. அந்த எண்தான் என் செல்போனில் உள்ள வெள்ள வரைபடத்தில் ஒரு புள்ளி.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சைப் புள்ளி மஞ்சளானது.

எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்பதை வரைபடம் தரையின் உயரத்தை வைத்துத்தான் சொல்கிறது. (அளந்த பிறகு கொட்டிய மண்மேடு அதற்குத் தெரியாது. அது வேறு கதை.)

பக்கத்தில் நின்ற பெரியவர் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தண்ணி செம்மண்ணா வருது தம்பி. மேல நல்ல மழை."

படத்தை மேல்பக்கம் நகர்த்தினேன். அடுத்த அளவுமானி ஏற்கெனவே சிவப்பு.