நான்கு செல் பேக்கில் மிச்சமான ஒரு பின்

சோலார் விளக்கு ஒன்றுக்காக நான்கு எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்களைத் தொடராகக் கோத்து 12.8 வோல்ட் பேக் செய்துகொண்டிருந்தேன். செல்களைக் கண்காணிக்க டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ76920 சிப். மூன்று முதல் ஐந்து செல் வரை அது பார்த்துக்கொள்ளும். வோல்டேஜை அளக்க அதற்கு விசி0 முதல் விசி5 வரை ஆறு பின்கள், அதாவது உலோகக் கால்கள்; அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே ஒரு செல். எனக்கு நான்கு போதும் என்பதால் ஒரு செல்லுக்கான இடம் மிச்சம்.

அந்த மிச்சம் உச்சியில் வரக் கூடாது, பேக்கின் மேல் முனை விசி5 பின்னுக்குத்தான் போக வேண்டும் என்பது தெரியும். அதனால் முதல் மூன்று செல்களை விசி0 முதல் விசி3 வரையிலும், நான்காவது செல்லின் பிளஸை விசி5-லும் கொடுத்தேன். இடையில் இருந்த விசி4-ஐ எதனோடும் சேர்க்காமல் விட்டுவிட்டேன். பயன்படுத்தாத பின்தானே என்று நினைத்தேன்.

போர்டு எழுந்தது, ஐ2சி-யில் (சிப்போடு பேசும் இரு கம்பி இணைப்பு) பதில் சொன்னது. ஆனால் டிஸ்சார்ஜ் மாஸ்ஃபெட் (பேக்கிலிருந்து மின்சாரத்தை வெளியே விடும் சுவிட்ச்) மட்டும் நிற்கவே இல்லை. ஆன் செய்தால் சில நொடியில் அணைந்துவிடும். சிப் தன் நிலையைக் குறித்துவைக்கும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் அண்டர்வோல்டேஜ் (வோல்டேஜ் மிகக் குறைவு) பிட் ஏறியிருக்கும். அழித்தால் திரும்ப வரும். மல்டிமீட்டரை வைத்தால் நான்கு செல்லும் 3.3 வோல்ட். ஒரு சாயங்காலம் முழுக்கக் கனெக்டரையும் சால்டரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஐந்து செல் ரெஜிஸ்டர்களையும் வரிசையாக வாசித்தேன். முதல் மூன்றும் சரி. நான்காவது 1.9, ஐந்தாவது 1.4. கூட்டினால் 3.3! ஒரே செல்லின் வோல்டேஜை அந்தரத்தில் நின்ற விசி4 இரண்டாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. பேக்கின் மொத்த வோல்டேஜ் சரியாக 13.2 என்று வந்ததால்தான் எனக்கு முதலில் சந்தேகமே வரவில்லை.

இதில் சிப்பின் மீது தவறே இல்லை. காலியான இடத்தை அடையாளம் காண அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒரு செல் சுமார் 0.5 வோல்ட்டுக்கும் கீழே காட்டினால், அது ஷார்ட் செய்யப்பட்ட (இரு பின்னும் நேராகச் சேர்க்கப்பட்ட) இடம் என்று எடுத்துக்கொண்டு அண்டர்வோல்டேஜ் கணக்கில் சேர்க்காது. 1.4 என்றால் உண்மையிலேயே வற்றிய செல் என்றுதான் அது நம்பும். நம்ப வேண்டியதும் அதுதான்.

டேட்டாஷீட்டில் நான்கு செல்லுக்கு விசி4-ஐயும் விசி3-ஐயும் ஷார்ட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, இரண்டும் அடுத்தடுத்த பின்கள், இடைவெளி 0.65 மில்லிமீட்டர். பேக்கைக் கழற்றிவிட்டு ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். நான்காவது ரெஜிஸ்டர் பூஜ்ஜியத்துக்கு வந்தது, ஐந்தாவது 3.3 ஆனது, விளக்கு எரிந்தது. அப்புறம் ஃபர்ம்வேரிலும் (சிப்பை வாசிக்க நான் எழுதிய புரோகிராம்) கை வைக்க வேண்டியிருந்தது. மிகக் குறைந்த செல்லைத் தேடும் என் புரோகிராம் அந்தப் பூஜ்ஜியத்தைப் பிடித்துக்கொண்டுவிடும் என்பதால் நான்காவதைத் தாண்டிப் போகச் சொன்னேன். அதன் பேலன்சிங் (செல்களைச் சமன்செய்யும்) பிட்டையும் எப்போதும் அணைத்தே வைத்தேன்.

மறுநாள் இன்னொரு பின். குறித்த நேரத்துக்கு ஒருமுறை நானே ரெஜிஸ்டரை வாசிப்பதால், சிப் தானாகச் செய்தி சொல்லும் அலர்ட் பின் தேவைப்படவில்லை. அதையும் வெறுமனே விட்டிருந்தேன். போர்டின் அந்த மூலையில் விரல் பட்டால் விளக்கு அணைந்தது. அலர்ட் வெறும் வெளியீடு இல்லை, உள்ளீடும்கூட. வெளியிலிருந்து யாரோ அதன் வோல்டேஜை உயர்த்தினார்கள் என்று தோன்றினால் சிப் சார்ஜ், டிஸ்சார்ஜ் இரண்டையும் நிறுத்திவிடும். சரி, கிரவுண்டில் நேராகச் சேர்த்துவிடலாமா? கூடாது. செய்தி சொல்ல சிப்பே அந்தப் பின்னை உயர்த்தும்போது அது கிரவுண்டோடு மோதும். 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு இறக்கினேன். அதற்குப் பிறகு தொட்டாலும் அசையவில்லை.

தெர்மிஸ்டர் (வெப்பநிலை சென்சார்) போடாததால் அதற்கான டிஎஸ்1 பின்னுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போட்டேன். சிப்பைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதும் அந்தப் பின்தான் என்பதால் எழுப்பும் பட்டனும் அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது போர்டில் ஈயச் சொட்டுக்குப் பதில் விசி3-க்கும் விசி4-க்கும் நடுவே 0 ஓம் ரெசிஸ்டருக்கு இடம் விட்டு வரைந்திருக்கிறேன். ஐந்து செல் பேக்குக்கு அதைப் போடாமல் விட்டால் போதும்.