டிசம்பர் மரத்துக்கு ஜூலையில் கவாத்து

கிறிஸ்துமஸ் மரமாக விற்கும் ஊசியிலை மரமான ஃப்ரேசர் ஃபர் ஆறேழு அடி வளர்ந்து விற்பனைக்கு வர, வயலில் நட்டதிலிருந்து 7 முதல் 10 வருடம் பிடிக்கும். அதற்கு முன்பே நாற்றங்காலில் நாலைந்து வருடம் கழித்துவிட்டுத்தான் கன்று நம் கைக்கு வருகிறது. இவ்வளவு காலமும் வீணாவது பெரும்பாலும் இரண்டு வேலைகளில் செய்யும் தவறால்தான்: நடவிலும் கவாத்திலும்.

பனி உருகி மண் பதமானதும், மொட்டு விரிவதற்குள் நட்டுவிட வேண்டும். 6-க்கு 6 அடி என்றால் ஏக்கருக்கு 1,210 கன்று. வண்டிப்பாதை விட்டால் இன்னும் குறையும். 5-க்கு 5 வைத்தால் 1,742 பிடிக்கும்தான், ஆனால் மரம் பெருத்தபின் புல்வெட்டும் இயந்திரம் நுழையத் திணறும், அடிக்கிளைகளும் வெயில் படாமல் காயும். நட எடுத்த கன்றின் வேர் காற்றில் காயவே கூடாது. ஈரச்சாக்கில் மூடியபடி ஒவ்வொன்றாக உருவுங்கள். குழி ஆழம் போதாமல் வேரை மடக்கித் திணித்தால் அது வளைந்தபடியே இறுகிப்போகும். நாலு வருடம் பச்சையாக நின்ற மரம் ஒரு காற்றுக்குச் சாய்வது இதனால்தான்.

தண்ணீர் தேங்கும் நிலத்தில் ஃப்ரேசரை வைக்கவே வேண்டாம். அமெரிக்காவின் கிழக்கே உள்ள அப்பலாச்சிய மலைகளின் உயரமான சரிவுகளில் பிறந்த மரம் அது. வடிகால் இல்லாவிட்டால் ஃபைட்டாப்தோரா வேரழுகல் பிடித்துவிடும். மரம் மஞ்சளாகித் துருநிறம் ஏறினால் அடித்தண்டில் பட்டையைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய திசு செம்பழுப்பாக இருக்கும், நல்ல திசுவுக்கும் இதற்கும் நடுவே கோடு கிழித்தமாதிரி எல்லை தெரியும். அந்த மரத்தை மருந்தால் மீட்க முடியாது. கிருமி மண்ணிலேயே பல வருடம் தங்குவதால் அதே குழியில் மறுபடி ஃப்ரேசர் நடுவதும் வீண்.

கவாத்து மூன்றாம், நான்காம் வருடத்தில் தொடங்கும். பைனையும் ஃபரையும் ஒரே நாளில் வெட்டப் போகிறவர்கள்தான் இங்கே தவறு செய்கிறார்கள். பைனில் மொட்டு தளிரின் நுனியில் மட்டும் கொத்தாக வரும். அதனால் வடக்கு நாடுகளில் ஜூன் வாக்கில், தளிர் இளசாக இருக்கும்போதே வெட்டினால்தான் வெட்டிய இடத்தில் புது மொட்டு கட்டும். தாமதித்தால் மொட்டில்லாத நுனிதான் மிஞ்சும். ஃபரில் தளிரின் நீளம் முழுக்க மொட்டு உண்டு. தளிர் முற்றிய பிறகு, ஜூலை முதல் வெட்டலாம்.

முதலில் நடுக்குருத்து. 10 முதல் 14 அங்குலம் விட்டு, நல்ல மொட்டு ஒன்றைத் தேர்ந்து, அதற்கு அரை அங்குலம் மேலே சாய்வாக நறுக்குங்கள். மொட்டை ஒட்டி வெட்டினால் அது காய்ந்துவிடும். போட்டிக்கு நிமிரும் பக்கக் குருத்துகளையும் அப்போதே குட்டையாக்காவிட்டால் அடுத்த வருடம் மரத்துக்கு இரண்டு தலை. பிறகு நீண்ட கவாத்துக் கத்தியால் மேலிருந்து கீழாக வீசியபடி மரத்தைச் சுற்றி வர வேண்டும். அடி அகலம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது நல்ல அளவு: ஆறடிக்கு நாலடி. காலுக்குக் காப்பு கட்டாமல் அந்தக் கத்தியைத் தொடக்கூடாது. அடுத்த ஆளிடமிருந்து பத்தடியாவது தள்ளி நில்லுங்கள். கத்தி மழுங்கினால் தளிர் கிழியும், நுனி பழுப்பாகும்.

அளவுக்கு மீறிச் சீவிய மரம் வெளியே வேலி போல் அடர்ந்து, உள்ளே ஊசியிலை உதிர்ந்து இருண்டு கிடக்கும். அலங்காரம் தொங்கவிட இடைவெளி இராது. எனக்கு அந்த மரங்களைப் பிடிப்பதே இல்லை.

அறுவடையில் அவசரம் வேண்டாம். சில குளிர் இரவுகள் கழித்து வெட்டிய மரம்தான் ஊசியிலையை நன்றாகப் பிடித்து வைக்கும். வெட்டியதும் வலை சுற்றி, வெயிலும் காற்றும் படாத நிழலில் அடுக்க வேண்டும்.

வாங்கிப்போகிறவரிடம் சொல்ல வேண்டியது: வீட்டுக்குப் போனதும் அடியில் அரை முதல் ஒரு அங்குலம் நேராக அறுத்து, உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். தாங்கியில் நுழையவில்லை என்று அடித்தண்டின் பட்டையைச் செதுக்காதீர்கள். நீர் ஏறுவது பட்டையை அடுத்த வெளிமரத்தில்தான். தண்டின் குறுக்களவில் ஒரு அங்குலத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் வேண்டும். சர்க்கரை, மாத்திரை எதுவும் தேவையில்லை. நெடுநேரம் வற்றவிட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். மறுபடி அறுத்தால்தான் மரம் தண்ணீர் குடிக்கும்.